யாரு அழுக்குங்கதுதாம்லே விலை

ஏலே பேராண்டி, இங்கன வா. பழைய கிட்டாரை விக்கப் போறியாமே? போட்டோவும் பிடிச்சாச்சாமே? எங்க, அந்தப் போனைக் காட்டு.

அடேய்! கிட்டாருக்குப் பின்னால உன் கட்டில் தெரியுது. கட்டில் மேல துவைக்காத கைலி தெரியுது. கிட்டாரு மேல ஒரு விரல்கடைத் தூசி. கம்பியெல்லாம் பச்சை பூத்து நிக்கி. இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்க? 'நல்ல நிலை, அதிகம் வாசிக்கவில்லை.' வாசிக்கலைங்கதை நீ வேற எழுதணுமாக்கும்? தூசியே சொல்லுதுலா.

பாளையங்கோட்டையில வேதக்கோயிலுக்கு வேதக்கோயில் பாட்டுக்குழு உண்டு. குழுவுக்கு ரெண்டு கிட்டாராவது உண்டு. ஆர்மோனியத் துருத்தி ஒட்டுத ஆளுன்னு என்னைத் தேடி வந்தாவ. பொறவு கிட்டாரையும் கொண்டாந்து திண்ணையில சாத்திட்டுப் போனாவ. விக்கவனையும் பாத்திருக்கேன், வாங்குதவனையும் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் அழுக்கைப் பாத்துத்தான் ஏமாறுதாவ.

எங்கப்பாவுக்கு மாட்டுத் தரகு. மேலப்பாளையம் சந்தைக்குப் போறதுக்கு முந்தின நாளே மாட்டைக் குளத்துல இறக்கித் தேய்ப்பாவ. கொம்பைச் சீவி எண்ணெய் போடுவாவ. வாங்க வாரவரு அந்த மினுக்கத்தையா பாப்பாரு? நேரா வாயைத் திறந்து பல்லைப் பிடிப்பாரு. அப்பொறம் எதுக்குலே குளிப்பாட்டுனாவ? பல்லைப் பிடிக்கவாவது ஆளு பக்கத்துல வரணும்லா! சாணி அப்புன மாட்டுக்கிட்ட எவன் வருவான்?

உன் கிட்டாருக்கும் அம்புட்டுத்தான்.

முதல்ல கம்பியைக் கழட்டிப் போடு. புதுசு ஒரு செட்டு 500, 600 ரூவா ஆகும். விக்கப்போற சாமானுக்குச் செலவான்னு மூஞ்சியைத் தூக்காத. வாங்க வாரவன் மடியில வச்சு ஒரு தட்டு தட்டுவான். துருக்கம்பி 'ணங்'குன்னா சொல்லும்? 'டொக்'குங்கும். செத்தது கம்பிதான். அவனுக்கு அது தெரியுமா? கிட்டாரே செத்துப் போச்சுன்னு நெனச்சு 2,000 ரூவாயைக் குறைப்பான். தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து வார கிட்டாரைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கும். உப்புக் காத்துல கம்பி, முறுக்குத கீ எல்லாம் பூத்துப் போயிருக்கும்.

கம்பியைக் கழட்டுனாத்தான் விரல் பலகை தெரியும். அதுல குறுக்க பதிச்ச பிரெட்டு ஓரத்துல கருப்பா ஒரு மெழுகு அப்பியிருக்கு, பாத்தியா? வேர்வை, எண்ணெய், விரல்தோலு எல்லாம் சேந்தது. உன் விசயத்துல பாதி பரோட்டா சால்னா. பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால பைய வழிச்சு எடு. அந்தக் கருத்த பலகை ரோஸ்வுட்டுன்னா, அது பெரும்பாலும் நம்ம மேற்கு மலை ஈட்டி மரம்லே. பிரேசில் மரம் கிடைக்கது கஷ்டமானதும், 1969 வாக்குல அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனிக்காரனே நம்ம ஈட்டிக்கு மாறுனான். அதுல போயி சால்னாவை அப்பி வச்சிருக்க.

அது வறண்டு கிடந்தா லெமன் ஆயில் ரெண்டு சொட்டு துணியில விட்டுத் தடவு, உடனே துடைச்சு எடு. இதைச் சொன்னதும் ஒரு பாட்டுக்குழுப் பையன் நிசமாவே எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தேச்சுட்டு வந்தாம்லே! புட்டியில இருக்கது பெரும்பாலும் மினரல் ஆயிலு. எலுமிச்சை வாசனைக்கு மட்டும்தான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் பக்கமே போகாத, கிடந்து சிக்குவாடை அடிக்கும். வெளுத்த மேப்பிள் பலகைன்னா மேல பூச்சு இருக்கும். அதுக்கு எண்ணெயே வேண்டாம், பிழிஞ்ச ஈரத்துணி போதும்.

வயித்துக்குள்ள என்ன கிடக்குன்னு பாத்தியா? ஒரு பிடி அரிசியை ஓட்டை வழியாப் போட்டு, நல்லா ஆட்டிக் கவுத்து. தூசியும் பாச்சை முட்டையும் அரிசியோட வந்து விழும். அந்த அரிசியை ஆச்சிக்குத் தெரியாம திரும்பப் பானையில போட்டுராத.

இதுக்கு மேல என்னலே வேணும்? ஆனா உங்க ஆளுவளுக்கு இது போதாதே. மேலுக்கு ஒரு புட்டி, கழுத்துக்கு ஒரு புட்டி, கம்பிக்கு ஒரு புட்டி. உங்க ஆச்சி ஒத்தைச் சோப்புல ஆறு பிள்ளையைக் குளிப்பாட்டுனா. எவனுக்காவது மினுக்கம் குறைஞ்சுதா? மினுக்கமே வேண்டாம்னு மேட் பூச்சுல செஞ்ச கிட்டாருக்கு ஒருத்தன் கார் பாலிஷ் போட்டான். இப்போ திட்டுத்திட்டா மின்னுது. விலை சொல்ல வாய் வரலை அவனுக்கு. இன்னொருத்தன் எலக்ட்ரிக் கிட்டாருல பிரெட்டை இரும்புப் பஞ்சால தேச்சான். சத்தத்தைப் பிடிக்குத பிக்கப்புக்குள்ள இருக்கது காந்தம்னு யோசிச்சானா? தூளு பூரா அதுல போயி ஒட்டிக்கிட்டு. டேப்பு ஒட்டி மூடிட்டுத் தேச்சிருக்கலாம்.

2020ல கொரோனா வந்தப்ப கிட்டாரு மேலேயே சானிடைசர் அடிச்சவனும் உண்டு. பழைய ஒசத்திக் கிட்டாருல நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் இருக்கும். நல்ல கிளாசிக்கல் கிட்டாருக்கு அரக்கு மெருகு போட்டிருப்பாவ. சானிடைசருல இருக்க சாராயச் சரக்கு பட்டா ரெண்டும் கெட்டுப் போகும். மனுசனே இளகிப் போறான், மெருகு என்ன செய்யும் பாவம்?

சரி, இப்போ நீ வாங்கப் போறவன்னு வச்சுக்கிடு. அழுக்கு இப்போ உன் கூட்டாளி. எலக்ட்ரிக் கிட்டாருல குமிழைத் திருகுனா கரகரங்கும். விக்கவன் 'உள்ள கரண்டு வேலை எல்லாம் போச்சு'ன்னு ஆயிரக்கணக்குல இறங்குவான். பாதி நேரம் அது வெறும் தூசிலே. காண்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு பீச்சி நாலு திருகு திருகுனா சத்தம் அடங்கிரும். அப்போ நீ என்ன செய்யணும்? மூஞ்சியைச் சோகமா வச்சுக்கிடணும். 'அடடா'ன்னு ஒரு மூச்சு விடணும்.

ரொம்ப மின்னுனா சந்தேகப்படு. எதை மறைக்கான்? கழுத்தும் தலையும் சேருத இடத்தை வெளிச்சத்துல சாச்சுப் பாரு. கிப்சன் மாதிரித் தலை பின்னால சாஞ்ச கிட்டாரு விழுந்தா அங்கதான் முறியும். ஒட்டி மெழுகிட்டா முன்னால நிக்கவனுக்குத் தெரியாது. அடியில கம்பி மாட்டுத பிரிட்ஜு ஓரத்துல ஒரு தாளைச் சொருகு. உள்ள போச்சுன்னா பிரிட்ஜு தூக்கிருச்சுன்னு அர்த்தம். பிரெட்டுல கம்பி தேச்ச பள்ளம் இருக்கான்னு விரலால தடவு. எந்தத் துணியைப் போட்டுத் துடைச்சாலும் பள்ளம் நிறையுமா? மோந்து பாக்கவும் வெக்கப்படாத. சிகரெட்டு வாடையும் பூசண வாடையும் உள்ள புகுந்துட்டா லேசுல போகாது.

இதெல்லாம் உனக்கும் எனக்கும்தான். பெரிய இடத்துல கதை தலைகீழு.

அயர்லாந்துல ரோரி கல்லாகர்னு ஒரு கிட்டார்க்காரரு. 1961ல செஞ்ச ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1963ல கார்க் ஊருல 100 பவுண்டுக்கு வாங்குனாரு. வாங்கும்போதே அது பழசு. மேடையில வேர்வை ஊத்த ஊத்த வாசிச்சாரு. பெயிண்டு முக்காவாசி உதிர்ந்து மரம் தெரியுது, அவரு வேர்வைதான் தின்னுச்சுன்னு சொல்லுவாவ. 2024ல லண்டன் ஏலத்துல அது 8,89,400 பவுண்டுக்குப் போச்சு. இப்போ அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. எவனாவது 'பெயிண்டு போயிருக்கே, குறைச்சுக் குடுங்க'ன்னு கேட்டிருப்பானா?

அதை விடு. நிர்வாணா குழுவுல கர்ட் கோபேன் 1993ல எம்டிவி கச்சேரிக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுட்டு வந்தாரு. 2019ல அது 3,34,000 டாலருக்கு ஏலம் போச்சு. கறை உண்டு, சிகரெட்டு சுட்ட ஓட்டை உண்டு. துவைக்கவே இல்லைங்கதுதான் அதுக்குப் பெருமையே. அதே கச்சேரியில வாசிச்ச மார்ட்டின் கிட்டாரு மறு வருசம் 60 லட்சம் டாலரைத் தாண்டிச்சு. நீயும்தான் கைலியைத் துவைக்கல. ஏலத்துல விட்டுப் பாக்கியா?

ரோரி இறந்தது 1995ல. அதே வருசம்தான் ஃபெண்டர்காரன் 'ரெலிக்'னு ஒண்ணைச் சந்தைக்குக் கொண்டாந்தான். புதுசா ஒரு கிட்டாரைச் செய்வாவ. பொறவு ஆளு வச்சு உரசி, தேச்சு, பெயிண்டை உதிர்த்து விப்பாவ. உரசாததை விட உரசினதுக்கு விலை கூட. வாசிக்காமலே வாசிச்ச தேய்மானம் வேணுமாம்! இருவது வருசம் ராத்திரி பகலா வேர்த்து ஊத்துனவனுக்குச் சும்மாவா கிடைச்சுது அந்தத் தேய்மானம்? இவனுக்கு அது வீடு தேடி வரணும்.

அதுக்காகச் சிரிச்சுட்டு மட்டும் போயிராத. 1950, 60கள்ல செஞ்ச ஃபெண்டரோ கிப்சனோ தப்பித் தவறி உன் கைக்கு வந்தா, அசிங்கமா இருக்கேன்னு மறுபடி பெயிண்டு அடிச்சுராத. மூலப்பூச்சு போனா விலையில பாதி போச்சுன்னு அந்த வியாபாரத்துல உள்ளவுக கணக்கு வச்சிருக்காவ. தூசியைத் தட்டு, அதோட நிப்பாட்டு. உன் யமஹா கிட்டாருக்கு அந்தப் பயமே வேண்டாம், நல்லா அழுத்தித் துடை. அதுல படிஞ்சிருக்கது சரித்திரம் இல்லலே, சால்னா.

பையை மறந்துராத. உதறி வெயில்ல போடு. கிட்டாரை வெளிய எடுத்துட்டுப் போடு, உன் புத்திக்குச் சேத்துப் போட்டாலும் போட்டுருவ. பொறவு பக்கவாட்டு ஜிப்பைத் திற. கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு பையன் கிட்டாரைக் கண்ணாடியாத் துடைச்சு இதே திண்ணைக்குக் கொண்டாந்தான். 6,000க்கு ஒரு ரூவா குறையாதுன்னு விறைச்சு நின்னான். வாங்க வந்தவன் நல்ல கிட்டாருதான்னு தலையாட்டிட்டு, சும்மா பையைத் தடவுத மாதிரி ஜிப்பைத் திறந்தான். ரெண்டு பிக்கு, ஒரு சாக்லேட்டுத் தாளு, நாலா மடிச்ச ஒரு அடகுக்கடை நோட்டீசு. வெள்ளிக்கிழமைக்குள்ள நகையைத் திருப்பலைன்னா ஏலம்னு போட்டிருந்துச்சு. வாங்க வந்தவன் அதை நிதானமா வாசிச்சான். மடிச்சான். இருந்த இடத்துலயே வச்சு ஜிப்பை இழுத்தான்.

"4,000னா கையில காசு, இப்பவே" அப்படின்னான்.