இருநூற்றுப் பன்னிரண்டு ‘உண்டு’

ஞாயிறன்று பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வாங்கப் போனால், என் மனைவி என்னைப் பை தூக்க மட்டுமே விடுவாள். ஒவ்வொரு காயையும் காம்பைத் திருப்பி, ஓட்டை தேடி, அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். கால் கிலோவுக்குக் கால் மணி நேரம். அவளே நம்பாத ஆளை நம்பித்தான் எங்கள் ஷூ கம்பெனி, பல லட்ச ரூபாய் மென்பொருள் வாங்கும் குழுவில் போட்டது.

ஆம்பூரில் ஷூ விற்பது லேசான காரியமா? வெளிநாட்டு பையர் முதலில் சாம்பிள் கேட்பார். லாஸ்ட், அதாவது ஷூவின் அச்சு, சரியில்லை என்பார், தையல் ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது என்பார். திருத்தித் திருத்தி, போட்டு நடந்து பார்த்த பிறகுதான் ஆர்டர். டேனரிக்குப் போனால் நாங்களும் அப்படித்தான். விரித்துத் தடவிப் பார்க்காமல் ஒரு தோலை எடுக்க மாட்டோம்.

மென்பொருளுக்கு மட்டும் 212 கேள்விகள் கொண்ட ஒரு தாள். மூன்று ராத்திரி விழித்து நான்தான் தயாரித்தேன். வந்த மூன்று சப்ளையர்களும் 212-க்கும் ‘உண்டு’ என்று எழுதினார்கள். விலை குறைத்தவரைப் பிடித்தோம். டெமோவுக்கு ஸ்டோர் கீப்பரைக் கூப்பிடவில்லை. ஏசி அறையில் நாற்காலி போதவில்லை.

வந்திறங்கிய சரக்கு, தோலை எண்ணிக்கையில் கேட்டது. ஒரு ஆட்டுத்தோல் நாலேகால் சதுர அடி இருக்கும், அடுத்தது ஐந்தரை. எங்களுக்கு வேண்டியது அடிக்கணக்கு. ‘தோல் கணக்கு உண்டா?’ என்றுதானே கேட்டிருந்தேன்? உண்டு, பீஸ் கணக்கு. மாற்றித் தரத் தனிக் கட்டணம். இப்போது ஸ்டோர் கீப்பர் பழையபடி நீள நோட்டில் எழுதுகிறார். சாயங்காலம் ஒரு பையன் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான்.

எனக்கு ஆறுதல் நைக்கிதான். எந்த ஷூ எவ்வளவு விற்கும் என்று கணிக்க 2000-ல் ஐ2 நிறுவனத்தின் மென்பொருளைப் போட்டார்கள். போகாத ஜோடிகள் குவிந்தன, போகிற ஜோடிகள் கிடைக்கவில்லை. 2001-ல் சுமார் 10 கோடி டாலர் விற்பனை போயிற்று என்று அறிவித்தார்கள். எங்கள் வழிமுறையை நைக்கிதான் பின்பற்றவில்லை என்றது ஐ2. மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அங்கேயும் உங்களைத்தான் அனுப்பினாங்களாங்க?” என்றாள்.

அவள் வழியையே குழுவில் வைத்தேன்: அடுத்த முறை எங்கள் தோலை வைத்து, எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், ஓடிய அளவுக்குப் பணம், சப்ளையரைப் பிரிந்தால் எங்கள் கணக்கை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். குழு ஏகமனதாக ஏற்றது. 213-வது கேள்வியாகச் சேர்க்கச் சொன்னது.