போனதடவைக்காரர்

அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பும் எந்தக் கப்பலிலும் அவர் இருப்பார். மற்றவர்களின் குளிரங்கி புத்தம் புதிதாக மொடமொடக்கும். அவருடையது மட்டும் சாயம் வெளுத்திருக்கும். வெளுக்கவைத்தே கொண்டுவந்தாரோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். காதுக்குப் பின்னால் மருந்து ஒட்டிக்கொண்டு ஆளாளுக்குக் கைப்பிடிக் கம்பியோடு போராடுகையில், அவர் முட்டைக்கு மிளகுத்தூள் தூவிக்கொண்டிருப்பார். “இதெல்லாம் ஒரு அலையா? போன தடவை நாற்காலியே பறந்தது!” கடல் சாதுவாக இருந்துவிட்டாலோ, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப்போகிறவர் முகத்தோடு உலாத்துவார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கி அலறும்: “முன்பக்கம் திமிங்கிலம்!” சூப்பை அப்படியே போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் ஓடும். அவர் அசையமாட்டார். “கூனல் முதுகுத் திமிங்கிலம்தானே? போன தடவை படகுக்கு அடியிலேயே வந்தது” என்று காலி நாற்காலிகளிடம் சொல்லிவிட்டு, சூடு ஆறாமல் சூப்பைக் குடித்து முடிப்பார்.

கரையிறங்குவதென்றால் சும்மா இல்லை. வெளியூர் விதை ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாதென்று பையையும் உடுப்பையும் துருவிப் பார்ப்பார்கள். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் பயத்தால் இப்போது தரையில் உட்காரவும் தடை. “போன தடவை நான் படுத்துக்கொண்டே படம் எடுத்தேன்” என்று வழிகாட்டியிடம் முறையிடுவார். பாவம், அந்தப் பெண் அந்தப் பருவம் முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது மனிதர்களுக்கான விதி. பெங்குவினுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு ஜென்டூ பெங்குவின் குஞ்சு தத்தித் தத்தி வந்து அவர் பூட்ஸைக் கொத்திப் பார்த்தது. மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. கையில் கேமரா இருந்தது, எடுக்கவில்லை. குஞ்சு போகும்வரை போன தடவை என்ற பேச்சே இல்லை. ரப்பர் படகில் ஏறி உட்கார்ந்ததும்தான் வாய் திறந்தார்: “போன தடவை இரண்டு வந்தன.”

இரவில் கப்பலின் விஞ்ஞானி ஒருவர் அன்றைய தினத்தை அலசும் கூட்டம் நடக்கும். முன்வரிசையில் அமர்ந்து, கேள்வி என்று கை தூக்குவார். வருவது சொற்பொழிவு. விஞ்ஞானி தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார்.

நீங்கள் என்றைக்காவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவருடைய அலைக்கணக்கை நம்ப வேண்டாம். ஆனால் ரப்பர் படகில் மட்டும் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்துவிடுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நனையாது என்பது அவருக்குத் தெரியும்.