ஐந்து நிச்சயதார்த்தம், கல்யாணம் இல்லை

ஒரு ஜோடிக்கு ஐந்து முறை நிச்சயதார்த்தம் நடந்து ஐந்து முறையும் கல்யாணம் நின்றுபோனால், ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று இரண்டு வீட்டாரும் ஒதுங்கிவிடுவார்கள். பத்திரிகை அடிக்க அச்சகத்துக்காரரும் முழுப் பணத்தை முன்கூட்டியே கேட்பார். கபீப் நூர்மகமெதோவ், டோனி ஃபெர்குசன் என்ற இரண்டு வீரர்கள் விஷயத்தில், கூண்டுச் சண்டை நடத்தும் அமெரிக்காவின் யுஎஃப்சி நிறுவனம் இப்படித்தான் நாள் குறித்துக் குறித்து அலுத்தது. முதல் தேதி 2015 டிசம்பர். கபீபுக்கு விலா எலும்பில் அடி. அடுத்தது 2016 ஏப்ரல்; ஃபெர்குசனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூன்றாவது 2017 மார்ச். எடை குறைக்கப் போன கபீப் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். நான்காவது 2018 ஏப்ரல். பேட்டி கொடுக்க டிவி ஸ்டூடியோவுக்குப் போன ஃபெர்குசன், தரையில் கிடந்த கேபிள் தடுக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். செய்தி ஏப்ரல் 1ஆம் தேதி வந்ததால் பாதிப் பேர் நம்பவில்லை. ஐந்தாவது 2020 ஏப்ரல். இந்த முறை இருவர் உடம்பும் கல்லுக்குண்டாக இருந்தது, உலகத்துக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

இப்படி நின்று நின்று போன இந்தச் சண்டைதான் கூண்டுச் சண்டைகளிலேயே ஆகச் சிறந்தது என்பது என் கட்சி. நல்ல சண்டைக்கு என்ன வேண்டும்? சம பலம், இரண்டு வேறு வித்தை, முடிவு தெரியாத தவிப்பு. மூன்றும் இதில் இருந்தன. கபீப் தாகெஸ்தான்காரர். எதிராளியைக் கம்பிவலையோரம் ஒதுக்கி, உட்காரவைத்து, அவருடைய இரண்டு காலையும் தன் காலால் பின்னிக் கட்டி, ஒரு மணிக்கட்டை முதுகுப்பக்கம் வளைத்துப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கையால் நிதானமாகக் குத்துவார். வட்டிக்காரர் வாசல் திண்ணையில் உட்கார்ந்த மாதிரிதான், எழுந்து போகவே மாட்டார். ஃபெர்குசனுக்கோ மல்லாந்து கிடப்பதுதான் சௌகரியம். கிடந்தபடியே முழங்கையால் மேலிருப்பவர் நெற்றியைக் கிழிப்பார். தலையைக் கொஞ்சம் அசட்டையாக நீட்டினால் டார்ஸ் சோக் என்ற பிடி போட்டுக் கழுத்தை இறுக்கி, 'தோற்றேன்' என்று தட்டவைப்பார். ஒருவர் விழவைப்பதில் மன்னன், இன்னொருவர் விழுந்து கிடப்பதில் மன்னன். இதை வைத்துக்கொண்டு ரசிகர்கள் ஐந்து வருடம் மனதுக்குள் ஆயிரம் முறை மணி அடித்தார்கள். அந்த ஆயிரம் சண்டையிலும் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை, நடுவர் சொதப்பவில்லை, நடுவில் விளம்பரம் வரவில்லை. கபீப் 29 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை என்ற கணக்கோடு 2020 அக்டோபரில் ஓய்வு பெற்றார். ஃபெர்குசன் அதற்குப் பிறகு வரிசையாகத் தோற்றார்; ஆனால் இந்த ஒரு சண்டையில் அவருடைய கட்சிக்காரர்கள் இன்றைக்கும் தோற்கவில்லை.

இது ஒரு சண்டையின் விசேஷம் மட்டும் இல்லை. இந்த விளையாட்டின் ரசிகன் அனுபவிப்பது வரப்போகும் சண்டையைத்தான். டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. அங்கே ஐந்து நாள் ஆட்டம், அதற்குத் தகுந்த அரட்டை. இங்கே பட்டத்துக்கான சண்டை கடைசிவரை நடந்தாலும் ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம், ஆக 25 நிமிடம். அதுவும் கடைசிவரை நடந்தால். 2015 மார்ச்சில் ஜோசே ஆல்டோவையும் கானர் மெக்ரெகரையும் கூட்டிக்கொண்டு ரியோவில் தொடங்கி டப்ளின் வரை ஊர் ஊராகப் பேட்டிக் கூட்டம் போட்டார்கள். டப்ளினில் ஆல்டோவின் சாம்பியன் பெல்ட்டை மெக்ரெகர் மேடையிலேயே லபக்கென்று பிடுங்கினார். ஜூலையில் சண்டை என்றார்கள்; ஆல்டோவுக்கு விலா எலும்பு. (இந்தத் தொழிலில் விலா எலும்பு தனியாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறது.) கடைசியில் டிசம்பர் 12 அன்று நடந்தது. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஆல்டோ தரையில் கிடந்தார். ஒன்பது மாதம் சுமந்து 13 வினாடியில் பிரசவம்.

நேர்மாறான வகையும் உண்டு. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். குத்துச்சண்டைக்காரன் ஜெயிப்பானா, பிடிச்சண்டைக்காரன் ஜெயிப்பானா என்ற கேள்விக்கு அன்றோடு விடை தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. இனோகி முதல் மணி அடித்ததும் ஓடிவந்து தரையில் விழுந்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே அலியின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். அலி கொடுத்த குத்துகளை விரல்விட்டு எண்ணலாம். ஒரு கை விரல் போதாவிட்டால் இரண்டாவது கையையும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 15 சுற்று, சமன். கூட்டம் குப்பையை எடுத்து வீசியது. ஆனால் பாருங்கள், அந்தச் சண்டைக்கு முதல்நாள் மாலைவரை அதைப்போல ஒரு சண்டை உலகத்தில் இருந்ததே இல்லை.

காத்திருப்புதான் இங்கே மூலதனம் என்பதற்கு நிர்வாகமே சாட்சி சொல்கிறது. சாம்பியன் காயத்தில் படுத்தால் 'இடைக்காலச் சாம்பியன்' என்று இன்னொருவரை நியமிப்பார்கள். நம் அலுவலகங்களில் பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்களே, அதே பதவி. ஹெவிவெயிட்டில் டாம் ஆஸ்பினால் 2023 நவம்பரில் 69 வினாடியில் ஒருவரை வீழ்த்திப் 'பொறுப்பு' வாங்கினார். 2024 ஜூலையில் 60 வினாடியில் அதைக் காப்பாற்றிக்கொண்டார். முழுச் சாம்பியன் ஜான் ஜோன்ஸ் அவரோடு மோதுவார், மோதுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஜோன்ஸ் 2025 ஜூனில் ஓய்வு பெற்றுவிட, அடைப்புக்குறி தானாக விழுந்தது. பத்தொன்பது மாத உத்தியோகத்தில் ஆஸ்பினால் கூண்டுக்குள் வேலை பார்த்தது மொத்தம் 129 வினாடி. எடைபார்ப்புச் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு முதல்நாள் உள்ளாடையோடு தராசில் ஏறுவதைப் பார்க்கவும் கூட்டம் கூடுகிறது. 2017 ஏப்ரலில் டேனியல் கார்மியே 206.2 பவுண்டு காட்டினார். 205க்கு மேல் கூடாது. மூன்று நிமிடத்துக்குள் திரும்பி வந்து, மறைப்புக்குப் பிடித்த துண்டின்மேல் கை வைத்தபடி ஏறி நின்றார். சரியாக 205. தோளில் கிடந்தால் மரியாதை, இடுப்பில் கட்டினால் பணிவு என்று துண்டின் மகிமை நமக்குத் தெரியும். எடையைக் குறைக்கும் என்பதை அமெரிக்காவில்தான் கண்டுபிடித்தார்கள்.

"இதெல்லாம் டிக்கெட் விற்கிறவன் செய்கிற வித்தை, நீங்கள் ஏமாறுகிறீர்கள்" என்று விவரமானவர்கள் சொல்வார்கள். வித்தைதான், சந்தேகமில்லை. ஆனால் விற்கிறவருக்குச் சண்டை நடந்தால்தானே காசு? கபீப்-ஃபெர்குசன் சண்டையை முடித்துத் தலைமுழுக அவர்கள் ஐந்து முறை படாதபாடு பட்டார்கள். 2018ல் ஃபெர்குசன் விழுந்ததும் மேக்ஸ் ஹாலோவேயை இழுத்து வந்தார்கள். எடை குறைக்கிற நிலையில் உடம்பு தாங்காது என்று நியூயார்க் விளையாட்டு ஆணையம் தடுத்தது. பிறகு ஆன்டனி பெட்டிஸ் பேர் அடிபட்டது. முடிவில் சண்டைக்கு முதல்நாள், அதே நிகழ்ச்சியில் வேறொருவரோடு மோதவிருந்த அல் அயாக்விண்டாவைப் பிடித்து கபீப் எதிரில் நிறுத்தினார்கள். அயாக்விண்டா உபதொழிலாக வீடு வாங்கி விற்கும் தரகர். பட்டத்துக்கு உரிய எடையைவிடக் கால் பவுண்டுக்கும் குறைவான அளவு அதிகம் இருந்ததால், ஜெயித்தாலும் பெல்ட் கிடையாது என்று சொல்லிவிட்டே உள்ளே அனுப்பினார்கள். மனுஷன் ஐந்து சுற்றும் நின்று தோற்றார். முகூர்த்தம் தவறக்கூடாது என்று பந்தியில் உட்கார்ந்திருந்தவரை மணவறைக்குக் கூட்டிப்போன இந்த அவசரத்தில் வித்தை எங்கே இருக்கிறது? விற்கிறவர் அவசரப்படுகிறார், ரசிகன்தான் நிதானமாக இருக்கிறான்.

பிடிச்சண்டை ரசிகர்கள் இன்னொரு ஆட்சேபம் எழுப்புவார்கள். பிரேசிலிய ஜியு ஜிட்சு, சப்மிஷன் போட்டி என்று பார்க்கிறவர்கள் தங்களைச் சங்கீத சபாவின் முன்வரிசைக்காரர்களாக நினைத்துக்கொள்வது வழக்கம். இரைச்சல் கிடையாது, சவடால் கிடையாது, பிடியின் நுணுக்கத்துக்காக மட்டும் பார்க்கிறோம் என்பார்கள். நல்லது. அவர்கள் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடும் ஏடிசிசி போட்டி, 1998ல் அபுதாபியில் தொடங்கியது, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் நடக்கிறது. அதிலும் ஒவ்வொரு மோதலிலும் முதல் பாதிக்குப் புள்ளியே கிடையாது. எத்தனை முறை கவிழ்த்தாலும் கணக்கில் ஏறாது; அதாவது காத்திருப்பை ஆட்டவிதிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஏடிசிசி நடக்கும் அதே வாரக்கடைசியில், அதே ஊரில், ஏடிசிசி போன முறை நடந்த அதே அரங்கத்தை எடுத்து, ஆஸ்திரேலியரான கிரெய்க் ஜோன்ஸ் போட்டிக் கடை திறந்தார். ஜெயிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர். சும்மா வந்து கலந்துகொண்டாலே ஆளுக்கு 10,001 டாலர். ஏன் அந்த ஒரு டாலர்? ஏடிசிசியில் அப்போது சாம்பியன் ஆனால் 10,000. அந்த ஒற்றை டாலரைப்போல வலிக்கிற பிடி அந்த வருடம் எந்தப் போட்டியிலும் விழவில்லை. யார் எந்தப் பக்கம் போகிறார்கள், யார் துரோகி, யார் தியாகி என்று முன்வரிசைக்காரர்கள் பேசிய பேச்சில் தேர்தல் கூட்டணியே வெட்கப்பட்டிருக்கும்.

எனக்கு உண்மையிலேயே மூச்சு முட்டுகிற இடம் வேறு. 2020 மார்ச் 7, லாஸ் வேகாஸ். எல்லோரும் காத்திருந்தது இஸ்ரேல் அடெசான்யா, யோயல் ரொமெரோ சண்டைக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் பெண் பார்க்க வந்தவர்கள்போலப் பார்த்துக்கொண்டே பெரும்பகுதியைக் கழித்தார்கள். அதற்கு முந்தைய சண்டையில் சீனாவின் ஜாங் வெய்லியும் போலந்தின் ஜோவானா யென்ட்ஜெய்ச்சிக்கும் 25 நிமிடம் ஒரு கணம் ஓயாமல் மோதினார்கள். ஜோவானாவின் நெற்றி தேங்காய் மூடிபோல வீங்கி நின்றது. நடந்த சண்டை, கற்பனை செய்த எந்தச் சண்டையையும் அடித்துப்போட்ட ராத்திரி அது. இதற்கு நான் தட்டிவிடத்தான் வேண்டும். ஆனால் தட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தீர்ப்பு வாசித்த மறுநிமிடமே ரசிகர்கள் கேட்டது, "மறுபடி எப்போது?" இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து 2022 ஜூனில் சிங்கப்பூரில் மறுபடி நடந்தது. இரண்டாவது சுற்றில் ஜாங் சுழன்று விட்ட புறங்கை வீச்சில் எல்லாம் முடிந்தது. ஜோவானா அன்றே ஓய்வு பெற்றார்.

இந்தக் காத்திருப்பு டிவியும் செல்போனும் வந்தபிறகு பிடித்த வியாதி என்றும் தள்ள முடியாது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. புலவர் சாத்தந்தையார், எந்தக் கால் மார்பை அழுத்தியது, எந்தக் கால் பின்பக்கம் போனது என்றெல்லாம் சொல்கிறார். இன்றைய வர்ணனையாளர் நாற்காலியில் அப்படியே உட்காரவைக்கலாம். ஆனால் ரசிகை என்றால் நக்கண்ணையார்தான். கிள்ளிமேல் காதல் கொண்ட அவருடைய பாட்டு ஒன்றில், ஜெயிப்பான் என்று ஒரு கூட்டமும் மாட்டான் என்று ஒரு கூட்டமும் கட்சி பிரிந்து நிற்கின்றன. அவர் ஓடிப்போய்ப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறார். பிடி என்ன, எத்தனை நேரம் என்ற பேச்சே இல்லை. அவன் வென்றான் என்பது கடைசி வரியில் போகிறபோக்கில் வருகிறது. கட்சிப் பேச்சுக்குத்தான் பாட்டில் இடம்.

கடைசி ஆட்சேபத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. மண்டை உடைவது, கை முறிவது எல்லாம் சண்டைக்குள் நடப்பவை. நடுவர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், தட்டினால் விட்டுவிடுவார்கள். ஆனால் நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிற சண்டைக்கு முந்தைய நாட்களில்தான் வீரர்கள் வெந்நீர்த் தொட்டியிலும் நீராவி அறையிலும் கிடந்து, உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைக்கிறார்கள். கபீப்-ஃபெர்குசன் முதல் தேதி குறித்திருந்த அதே 2015 டிசம்பரில், மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்த 21 வயதுச் சீன வீரர் ஒருவர் இறந்தே போனார். அந்த நிறுவனம் அதற்குப் பிறகு உடம்பை வற்றவைப்பதைத் தடைசெய்து விதியை மாற்றியது. நம்முடைய காத்திருப்புக்கு வீரர்கள் உடம்பால் வட்டி கட்டுகிறார்கள் என்றால், அந்தக் கணக்கில் என் பேரும் இருக்கிறது. ஹாலோவேயைத் தராசுக்கு முன்னாலேயே தடுத்து நிறுத்திய நியூயார்க் ஆணையம் செய்தது சரி. அதனால் ஒரு நல்ல சண்டை நடக்காமல் போனது பற்றி, இந்தக் கட்டுரையின் நிலைப்பாட்டில், புகார் சொல்லவும் இடமில்லை.

ஃபெர்குசனுக்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. 2020 ஏப்ரல் 18 அன்று நடக்கவேண்டிய சண்டை ரத்தாகி, அந்த நிகழ்ச்சியே ரத்தாகி, ஊரெல்லாம் கதவடைத்து உட்கார்ந்திருந்தது. முதல்நாள் எடைபார்ப்பு என்று பழைய அட்டவணையில் இருந்ததல்லவா? அவர் பட்டினி கிடந்து, வியர்த்து, வற்றி, ஏப்ரல் 17 அன்று தராசில் ஏறி 155 பவுண்டு காட்டினார். மண்டபம் இல்லை, மேளம் இல்லை, எதிர்வீட்டார் ரஷ்யாவில். மாப்பிள்ளை மட்டும் முகூர்த்தத்துக்குக் குளித்துவிட்டு வந்து நின்றார்.