பத்து ரூவாப் பாட்டில்கிட்டப் பாடம் கேளு, பேராண்டி

கோத்தகிரியில ரிசார்ட் தொறக்கப் போறியாமே, சந்தோசம் சாமி. "சுழற்சிப் பொருளாதார விடுதி"ன்னு போர்டு வேற எழுதக் குடுத்துட்டியாம். எதையும் வீசாமத் திருப்பித் திருப்பிப் பொழங்கற விடுதின்னு அர்த்தமாம். எழுத்து பச்சைப் பெயிண்டுலதானே? பின்னே, வேற நெறத்துல எழுதினா வர்ற ஒறம்பரைக்கு நம்பிக்கை வருமா!

ரூமுக்குள்ள எட்டிப் பாத்தேன். கட்டில் மேல ஒரு அட்டை. "பூமியைக் காப்போம், துண்டைத் தொவைக்கப் போடாதீங்க." நெம்ப நல்ல அட்டை. தண்ணி மிச்சம், சோப்பு மிச்சம், கரண்டு மிச்சம். மிச்சமெல்லாம் உன்ற கணக்குல, புண்ணியம் மட்டும் ஒறம்பரை கணக்குல. இதையே அமெரிக்காவுல ஓட்டல்ல வெச்சு ஆராய்ச்சி பண்ணி 2008ல எழுதியிருக்காங்களாம். பூமியக் காப்பாத்துங்கன்னு கெஞ்சுன அட்டையவிட, "இங்க தங்குனவங்கள்ல முக்காவாசிப் பேரு துண்டைத் திரும்பவும் உபயோகிச்சாங்க"ன்னு எழுதுன அட்டைக்குத்தான் கூடுதலாப் படிஞ்சாங்களாம். மனுசன் பூமிக்கு அசைய மாட்டான். அடுத்த ரூமுக்காரனுக்கு அசைவான்.

ஆனா உனக்கு வாத்தியார் வேணும்னா அமெரிக்கா வரைக்கும் போகோணுமா? டாஸ்மாக் வாசல்ல போயி நில்லு. வாங்கறதுக்கில்ல சாமி, பாக்கறதுக்கு! உடைஞ்ச பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுன்னு ஐகோர்ட்டுல பேச்சாகி, 2022 மே மாசம் நம்ம நீலகிரியிலதான் காலிப் பாட்டிலைத் திருப்பி வாங்கற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பாட்டிலுக்குப் பத்து ரூவா கூட வாங்கு, காலிப் பாட்டிலோட திரும்பி வந்தா அந்தப் பத்தைக் குடுத்துரு. அம்புட்டுத்தான் சட்டம். அதுக்கு முந்தி "காட்டில் பாட்டில் வீசாதீர்"னு எத்தனை போர்டு நட்டாங்க! அந்தப் போர்டுலயே பாட்டிலை அடிச்சு உடைச்சானுங்க. பத்து ரூவான்னதும் பாத்தயா, தான் நேரா நிக்க முடியாதவன்கூட பாட்டிலை நேராப் புடிச்சுக்கிட்டு வந்தான். அவன் போட்டுட்டுப் போனாலும் பின்னாலயே ஒருத்தன் பொறுக்கியாந்து காசாக்குனான். இதுல யானைக்குப் புண்ணியம் தேடி வந்தவங்க எத்தனை பேருன்னு நான் கேக்க மாட்டேன்.

பொறவு மத்த ஊருக்கும் அது போச்சு. அங்க, எண்ணி வாங்க ஆளில்லை, அடுக்கி வெக்க எடமில்லைன்னு கடை ஊழியருங்க போராட்டத்துல எறங்கினாங்க. அவுங்க சொன்னதுல என்ன தப்பு? திரும்பி வர்ற சாமானுக்கு ஒரு எடம் வேணும், எண்ண ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேணும். உன்ற பிளான்ல நீச்சல் குளத்துக்கு எடம் இருக்குது, யோகா பண்ண மேடை இருக்குது. காலிப் பாட்டில் எங்க தங்கும்? அதுக்கும் ஒரு ரூமு போட்டுக் குடு. வாடகை கேக்காத.

2019ல இருந்தே இந்த மலையில பிளாஸ்டிக் தண்ணிப் பாட்டிலுக்குத் தடை. அதனால கண்ணாடிப் பாட்டில்ல தண்ணி வெப்பேங்கறே. வெய்யி. அதை நெப்பறது எங்க? மேட்டுப்பாளையத்துல நெப்பி மலை ஏத்தினா, டீசலுக்கே உன்ற சுழற்சி சுத்திரும். இங்கயே வடிகட்டி இங்கயே நெப்பு. மளிகை கொண்டாற வண்டி மலை எறங்கயில காலியாத்தானே போகுது? பழைய அட்டைப்பெட்டி, டின்னு எல்லாம் அதுல ஏத்தி விடு. ஷாம்பு சாஷேயத் தூக்கிப் போட்டுட்டு, பெரிய குப்பியா செவுத்துல திருகி வெய்யி. ஒறம்பரை தூக்கிட்டுப் போயிருவாருன்னு பயமா? செவுத்தோட பேத்துக்கிட்டுப் போறவருக்குத் துண்டையும் சேத்துக் குடுத்துரு.

வடை சுட்ட எண்ணெய்தான் இதுல கில்லாடிச் சமாச்சாரம். திரும்பத் திரும்பச் சுட்டா எண்ணெயில சேர்ற கெட்ட சமாச்சாரத்துக்குப் பேரு போலார் காம்பவுண்டாம், அது 25 சதவீதத்தைத் தாண்டினா மறுபடி அதுல எதையும் சுடக்கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து விதி. சுட்ட எண்ணெயைக் காசு குடுத்து வாங்கிப் பயோடீசல் ஆக்கறாங்க. உனக்கும் வரும்படி, வண்டிக்கும் எண்ணெய். ஆனா உன்ற சமையக்காரன் மேல ஒரு கண்ணு வெய்யி. ரெண்டு ரூவா கூடக் கெடைக்குதுன்னு பின்வாசல்ல பஜ்ஜி வண்டிக்காரனுக்கு ஊத்தி விட்டான்னு வெச்சுக்க, அதுவும் சுழற்சிதான். ஊரு வவுத்து வழியாச் சுத்தும்.

அப்புறம் நீ போடப் போற பஃபே, அதுல மிஞ்சற சோறு. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை போடற ஓட்டல், மக்கறதை தன்ற எடத்துலயே எருவாவோ வாயுவாவோ ஆக்கிப் பாக்கோணும்னு 2016லயே விதி போட்டுட்டாங்க. என்ற எட்டு ரூமுக்கு அந்தக் கணக்கு எங்க வரப் போகுதுன்னு சிரிக்கறே. சிரி. சர்க்காரு வராட்டிப் போகுது, கோத்தகிரிக் கரடி வரும். மிச்சச் சோத்தைப் பின்னால குழியில கொட்டிப் பாரு, மறுநா ராத்திரியே குட்டியோட வந்து நிக்கும். முன்பதிவு கிடையாது, வாடகை கிடையாது, கதவு மட்டும் உன்னுது. எருவாக்கறது அப்புறம் இருக்கட்டும். எத்தனை பேரு, என்ன வேணும்னு முந்தின நாளே கேட்டு அளவாப் பொங்கு. அதுக்கும் மேல மிஞ்சுறதுக்குப் பூட்டு வெச்ச இரும்புத் தொட்டி ஒண்ணு வாங்கு.

தொட்டிக்குக் காசில்லைன்னு சொல்லிராத. தெறப்பு விழாவுக்குப் பெரிய மனுசங்களுக்குப் போத்த இருவது பொன்னாடை புதுசா வாங்கறியாமே? கடைக்குப் போயி, போன மாசம் போத்துனது ஏதாச்சும் திரும்பி வந்திருக்குதான்னு மெல்லக் கேட்டுப் பாரு. மடிப்புக் கலையாம, பாதி விலைக்கே கெடைக்கும்.