கடைசிப் பாடம்

உளவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும், சென்னையில் எங்கள் மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் முதல் கேள்வியை அத்தைதான் கேட்டார்: "கீழ்ப்பாக்கத்துலயா கண்ணு வேலை கெடைக்கும்?" மனம் என்றால் அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரே முகவரி அங்கிருக்கும் மனநல மருத்துவமனைதான். 1939-இல் மரியா மாண்டிசோரி பக்கத்திலிருக்கும் பிரம்மஞான சபையில் தங்கி, குழந்தை மனத்தைப் பற்றி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தது குப்பத்தில் யார் காதுக்கும் எட்டியிருக்கவில்லை.

முதலாண்டுப் புத்தகம் மனத்தை அணுகும் வழிகளை வரிசையாக வைத்தது. ஃப்ராய்டின் நனவிலி, 1913-இல் வாட்சன் அறிவித்த நடத்தைவாதம், ரோஜர்ஸும் மாஸ்லோவும் பேசிய மனிதநேய நோக்கு, நினைவையும் சிந்தனையையும் ஆராயும் அறிதல் நோக்கு, மூளையையும் நரம்பையும் பார்க்கும் உயிரியல் நோக்கு. சமூகமும் பண்பாடும் கடைசி அத்தியாயத்தில் வந்தன. பரீட்சைக்கு வராது என்று அதை யாரும் படிக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அலை ஊருக்குள் வந்தது.

அலைச்சத்தம் கேட்டாலே பிள்ளைகள் அலறினார்கள். சத்தத்தோடு பயம் பிணைந்துவிட்டது என்று நடத்தைவாதம் எனக்கு விளக்கியது. அதை அவிழ்க்கும் வழியை மேரி கவர் ஜோன்ஸ் 1924-இலேயே காட்டியிருந்தார். முயலுக்குப் பயந்த சிறுவன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் அருகே கொண்டுவந்தார். எங்கள் பாட்டிகள் அவர் பெயரைக் கேட்டதில்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, முதலில் கோயில் வரை, பிறகு படகு வரை, பிறகு ஈரமணல் வரை போய்வந்தார்கள். அவசரமே படவில்லை. நான் பார்த்ததிலேயே சிறந்த சிகிச்சை அது.

என்னைத் திணறவைத்தவர் மாஸ்லோ. முதலில் பசி, அடுத்து பாதுகாப்பு, அதற்குப் பிறகுதான் உறவு என்று 1943-இல் அவர் வரிசை சொன்னார். (எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் அந்தப் பிரமிட் அவர் வரைந்ததல்ல. வரிசை இறுக்கமானதல்ல என்றும் அவரே எழுதியிருக்கிறார்.) அலை வந்த அன்றைக்கு ஒரு வாய் சோறுகூடத் தின்னாத அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்துசேர்ந்தார்களா என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நல்ல மனதோடு, "நடந்ததைச் சொல்லுங்க" என்றார்கள். குப்பம் கேட்டதோ வலை, படகு, இன்ஜின். அதைக் கேட்பதும் மனநலம்தான் என்று சொல்ல அன்றைக்கு என்னிடம் பாடம் இல்லை. 2007-இல் சர்வதேச அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட பேரிடர்கால மனநல வழிகாட்டி, அடித்தட்டில் உணவையும் பாதுகாப்பையும், அதன்மேல் குடும்பத்தையும் ஊரையும் வைத்தது. சிறப்புச் சிகிச்சை உச்சியில், சிலருக்கு மட்டும். பாதிக்கப்பட்டவரை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

இன்று குப்பத்துப் பிள்ளைகள் கவுன்சிலிங் போவதை ஒளித்துப் பேசுவதில்லை. அதே அறிமுகப் பாடத்தை இப்போது நான் நடத்துகிறேன், கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கி. தொழிலுக்குப் போக மனசில்லை என்று சொல்லும் ஒரு மீனவரைப் பற்றி எழுதிவரச் சொல்வது முதல் வேலை. காற்று எப்படி, அடையாற்று முகத்துவாரம் எப்படி, மீன்பாடு எவ்வளவு, கடன் யாரிடம் என்று விசாரித்த பிறகே அவருடைய மனத்தைப் பற்றி ஒரு வரி எழுதலாம்.