வரியில்லா ஊருக்கு வழி கேட்ட மாப்ளே

வாங்க மாப்ளே, அந்த லேப்டாப்பை இப்படித் தாவாரத்துல வையுங்க. கோழி ஏறாம நான் பாத்துக்கறேன். என்னமோ பச்சைக் கட்டம், செவப்புக் கட்டம்னு போட்டிருக்கீங்களே, அது என்னங்க? கலிபோர்னியா ஒரு பக்கம், நியூ ஹாம்ப்ஷயர் ஒரு பக்கம். கடைசிக் கட்டத்துல 'மிச்சம்'னு ஒரு தொகை. பலே. பொண்ணு பாக்கறப்பவும் இப்படித்தான் கட்டம் போட்டீங்க, என்ற மகளை ஒரு கட்டத்துல அடிச்சும் போட்டீங்க. அதுல எனக்கு ஒண்ணும் வெசனமில்லீங்க. இப்ப கலிபோர்னியாவை விட்டுட்டு அவ குடியிருக்கற நியூ ஹாம்ப்ஷயருக்கே நீங்களும் குடி போறேங்கறீங்க பாருங்க, அதுதான் வேடிக்கை.

நான் எட்டாப்பு படிச்சவன். ஆனா பால் சொசைட்டியில 23 வருசம் கணக்கு எழுதுனவன். அந்த ஊருக்கு ரெண்டு தடவை போயிருக்கேன். மொதத் தடவை ஆடியில போயி மார்கழிக் கடைசியில வந்தேன். அடுத்த தடவை தையில போயி ஆனியில வந்தேன். ஆக அங்கத்த பன்னண்டு மாசமும் எனக்கு அத்துபடி. மகளுக்கு வர்ற பில்லையெல்லாம் பிரிச்சுப் பாக்கறது என்ற சோலி. வேற என்ன சோலி அங்க? பண்ணையமா, மாடா?

உங்க கட்டத்துல தப்பு இல்லீங்க. சம்பளத்துக்கு அந்த மாநிலத்துல வருமான வரி கெடையாது. கடையில சாமான் வாங்குனா விற்பனை வரி கெடையாது. வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் மட்டும் ஒரு வரி வெச்சிருந்தாங்க, அதையும் 2025 சனவரியோட எடுத்துட்டாங்க. வாஷிங்டனுக்குக் கட்டற வரி தனி, அது நீங்க எந்தப் பொந்துக்குள்ள போனாலும் பின்னாலயே வரும். ஆனா மாநில வரி சுத்தமா மிச்சம். எழுதிக்குங்க.

எழுதியாச்சா? இப்ப ஒண்ணு சொல்லுங்க. அந்த ஊர்ல பள்ளிக்கூடம் நடக்குதே, வாத்தியாருக்குச் சம்பளம் ஆரு குடுக்கறது? விடியக்காலம் நாலு மணிக்கு ரோட்டுல பனியைத் தள்ளிக்கிட்டு ஒரு வண்டி போகுதே, அதுக்கு டீசல் ஆரு ஊத்தறது?

உங்க வீடுதான் ஊத்துது மாப்ளே. அங்க வீட்டு வரியை ஆயிரத்துக்கு இத்தனைன்னு சொல்லுவாங்க. என்ற மக இருக்கற ஊர்ல ஆயிரத்துக்கு 20 டாலர். அஞ்சு லட்சம் டாலர் வீடுன்னா வருசத்துக்கு 10,000. கோடையில ஒரு பில்லு, டிசம்பர்ல ஒரு பில்லு. கலிபோர்னியாவுல 1978-லயே சனங்க ஓட்டுப் போட்டு, வாங்குன விலையில ஒரு சதம்தான் அடிப்படை வரி, மதிப்பையும் வருசத்துக்கு ரெண்டு சதத்துக்கு மேல ஏத்தப்படாதுன்னு மூக்கணாங்கயிறு போட்டு வெச்சிருக்காங்க. நியூ ஹாம்ப்ஷயர் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கெடையாதுங்க. ஊரு செலவு ஏறுனா வரி ஏறும்.

பள்ளிக்கூடச் செலவுல பெரும்பங்கு இந்த வரியிலதான் ஓடுது. அதனால ஏரிக்கரையில பணக்காரங்க வீடு கட்டியிருக்கற ஊர்ல ரேட்டு குறைச்சல், மில்லு மூடிக் கெடக்கற பக்கத்து ஊர்ல எச்சு. இது நாயமில்லேன்னு அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றமே 1997-ல சொல்லிப் பாத்துருச்சு. இன்னும் சண்டை ஓயலை. நீங்க மாநிலத்தைக் கட்டத்துல போட்டீங்க, ஊரைப் போடலையே!

இன்னொண்ணு. உங்க கம்பெனியில நாளைக்கு ஆள்குறைப்புன்னு வந்தா கலிபோர்னியா வருமான வரி உங்களோட சேந்து வீட்டுல உக்காந்துக்கும். வருமானம் இல்லே, வரி இல்லே. நியூ ஹாம்ப்ஷயர் வீட்டு வரிக்கு நீங்க வேலைக்குப் போறதும் தெரியாது, தூங்கறதும் தெரியாது. டிசம்பர் ஆனா வந்து நிக்கும்.

அப்பறம் அந்த மலை. வீட்டுத் தரகர் 'வியூ, வியூ'ன்னு சொன்னா பூரிச்சுப் போயிராதீங்க. சன்னல்ல மலை தெரிஞ்சா வீட்டு மதிப்பு ஏறும், மதிப்பு ஏறுனா வரி ஏறும். அங்கத்த ஆளுங்களே அதை 'பார்வை வரி'ன்னு சொல்லிக் காறித் துப்பறாங்க. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தா தள்ளுபடி உண்டான்னு மககிட்டக் கேட்டேன். அப்பா சும்மா இருங்கன்னுட்டா.

தோட்டம் வாங்கலாம்னு ஆசையா? 10 ஏக்கரா இருந்து காடாவோ வெள்ளாமை நிலமாவோ வெச்சிருந்தா சல்லிசா வரி போடுவாங்க, நல்ல ஏற்பாடு. ஆனா அதுல ஒரு மூலையில மகனுக்கு வீடு கட்டலாம்னு கைவெச்சீங்களோ, அந்த மூலையோட மார்க்கெட் மதிப்புல 10 சதத்தை ஒரேடியா எண்ணி வைக்கோணும். மரத்தை வெட்டி வித்தா அதுக்கும் 10 சதம். சோழராசா காலத்துல தறி இறை, செக்கு இறைன்னு வாங்குனாங்களாமா. எந்த ராசாவும் சும்மா விட்டதில்லீங்க, பேருதான் வேற வேற.

வீடு கிரையம் பண்றப்ப நூறு டாலருக்கு முக்கால் டாலர் வாங்கறவங்க கட்டோணும், முக்கால் விக்கறவங்க கட்டோணும். உங்க பங்கு அஞ்சு லட்சத்துக்கு 3,750. இது கட்டத்துல இருக்குதுங்களா? இல்லையா. சரி.

கார்? அதைப் பதிய ஊரு ஆபீசுக்குப் போகோணும். புது வண்டின்னா கம்பெனி போட்ட விலையில ஆயிரத்துக்கு 18 டாலர், அடுத்த வருசம் 15, அப்பறம் 12, இப்படியே 3 வரைக்கும் எறங்கும். 40,000 டாலர் வண்டிக்கு மொத வருசம் 720. மாநிலத்துக்குக் கட்டற பீசு தனி. இந்தப் பதிவோட கெடு எப்ப முடியும் தெரியுங்களா? நீங்க பொறந்த மாசத்துல. கேக்கு வெட்டிட்டு நேரா அங்க போயி வருசாவருசம் மொய் வெக்கோணும். நாய் வளத்துனா ஏப்ரல் 30-க்குள்ள நாய்க்கும் லைசென்சு. ஓட்டல்ல சோறு தின்னா எட்டரை சதம் வரி, ஆனா பாட்டிலுக்கு வரி இல்லே. நம்மூரு டாஸ்மாக் மாதிரி அரசாங்கமே பெரிய ரோட்டோரமாக் கடை போட்டிருக்குது. வெளியில நிக்கற காருல பாதி பக்கத்து மாநிலத்து நம்பரு!

அந்த நம்பர் பிளேட்டைப் பத்தியும் சொல்லோணும். 'சுதந்திரமா வாழு, இல்லேன்னா சாவு'ன்னு மாநிலக் கொள்கையை அதுல எழுதி வெச்சிருப்பாங்க. அதை அச்சடிக்கறது ஜெயில்ல இருக்கற கைதிங்க. நான் கதை விடலீங்க. இந்த வாசகம் எனக்கு ஆகாதுன்னு ஒரு மனுசன் அதை மறைச்சு வண்டி ஓட்டுனதுக்கு 15 நாள் உள்ளார போட்டுட்டாங்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 1977-ல ஜெயிச்சாரு. சுதந்திரத்தை மறைச்சதுக்கு ஜெயில், அதை எழுதறதும் ஜெயில்லதான்.

வரியே வேண்டாம்ங்கற கூட்டமும் அங்க பலமா இருக்குது. க்ராய்டன்னு ஒரு சின்ன ஊரு, எண்ணூறு சனம் இருக்கும். 2022 மார்ச்சுல ஊர்க்கூட்டம் போட்டாங்க. பனிக்காலம், வந்தவங்க கொஞ்சம் பேரு. பள்ளிக்கூடச் செலவு 17 லட்சம் டாலரை 8 லட்சமாக் குறைக்கலாம்னு ஒருத்தர் எந்திரிச்சுச் சொன்னாரு. ஓட்டுப் போட்டு நிறைவேத்திட்டாங்க. அடுத்த நாள் காலையிலதான் ஊருக்கே தெரிஞ்சுது. வீடு வீடாப் போயி, ஆளைத் திரட்டி, மே மாசம் மறுபடி கூட்டம் போட்டாங்க. 377 பேரு பழைய செலவே இருக்கட்டும்னாங்க, 2 பேரு வேண்டாம்னாங்க. வரி குறையறது எல்லாத்துக்கும் இனிக்கும் மாப்ளே, நம்ம புள்ள படிக்கற வகுப்பைச் சாத்தற வரைக்கும். நீங்க அங்க போனா மார்ச்சு மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமையை ஒட்டி நடக்கற அந்தக் கூட்டத்துக்குப் போயி உக்காரோணும். இங்க நம்மூரு கிராம சபைக்கு ஒரு நாளாச்சும் வந்திருக்கீங்களா?

அந்த மாநிலத்துச் சட்டசபைக் கீழவையில 400 பேரு. சம்பளம் வருசத்துக்கு 100 டாலர், 1889-லிருந்து அதே சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு எனக்கு மாடு மேய்க்கக்கூட ஆளு வராது.

இனி குளிரைச் சொல்றேன். காபியை எடுத்துக்குங்க, ஆறுது.

அந்த ஊருக்கு அடையாளமே ஒரு கெழவனுங்க, என்னை மாதிரி. ஃப்ராங்கோனியான்னு ஒரு கணவாய், அதுக்கு மேல மலையில கருங்கல்லு தானா அமைஞ்சு, நெத்தி, மூக்கு, தாடையோட ஒரு கெழவன் மூஞ்சி. 40 அடி ஒசரம். பாறை வெடிப்புக்குள்ள தண்ணி போவும், உறையும், வெடிப்பை அகட்டும், உருகும், மறுபடி உறையும். இரும்புக் கம்பி குடுத்து, சிமிண்டு பூசி எத்தனையோ வருசம் புடிச்சு வெச்சுப் பாத்தாங்க. 2003 மே 3 ராத்திரியில விழுந்துட்டாரு. நம்பர் பிளேட்லயும் ரோட்டுப் பலகையிலயும் இன்னும் அவரு மூஞ்சிதான்.

கருங்கல்லுக்கே அந்தக் கதின்னா உங்க வீட்டுத் தண்ணிக் குழாயை ரோசனை பண்ணிப் பாருங்க. சனவரியில ராத்திரி மைனஸ் 20 செல்சியஸுக்கு எறங்கும். பொங்கலுக்கு ஊருக்கு வர்றோம்னு ஹீட்டரை அணைச்சுட்டு வந்தீங்கன்னா, திரும்பிப் போறப்ப குழாய் வெடிச்சு ஆசாரத்துல குளம் நிக்கும். அதனால ஆளில்லாத வீட்டுக்கும் சூடு போடோணும். என்ற மக வீட்டுல எண்ணெய்க் கொதிகலன். நிலவறையில 275 கேலன் தொட்டி, நம்ம கணக்குல ஆயிரம் லிட்டருக்கு மேல. நான் இருந்த ஒரு பனிக்காலத்துல மட்டும் மூணு தடவை லாரி வந்து நெப்பிட்டுப் போச்சு. ஒவ்வொரு பில்லையும் பாத்து எனக்குத்தான் வேத்துச்சு. விறகு அடுப்பும் உண்டு. விறகை 'கார்டு'ன்னு அளப்பாங்க, நாலடி அகலம், நாலடி ஒசரம், எட்டடி நீளம். அடுக்கறதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. இடுப்பு புடிச்சுக்கிட்டது இன்னும் விடலை.

வாசல்ல பனி தள்ள ஒருத்தனுக்குக் காசு. கூரையில தேங்குன பனியை இழுக்கக் காசு. பனிக்கால டயரு தனி. ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அது காரு அடிப்பாகத்தைத் தின்னும். வீடு வாங்கறதுக்கு முன்னாலயே ஆழ்குழாய்க் கிணத்துத் தண்ணியில ஆர்சனிக் இருக்குதான்னு சோதிக்கோணும், அந்தப் பாறையில அது சகசம். இதுக்கெல்லாம் வரின்னு பேரு இல்லீங்க. அதனாலதான் உங்க கட்டத்துக்குள்ள வரலை.

டிசம்பர்ல நாலேகாலுக்குப் பொழுது விழுந்துரும். நான் சாயங்காலக் காபி குடிச்சுட்டு வெளியில பாத்தா நடுச்சாமம் மாதிரி கெடக்குது. ஒறம்பரை ஒருத்தர் எட்டிப் பாக்கறதில்லே. நாலு மணிக்கு இருட்டுனா மனுசன் என்னத்தைப் பண்றது? அஞ்சு மணிக்குச் சண்டை போட ஆரம்பிச்சாங்க மகளும் மருமகனும். அந்த மாசத்துக்கு என்ன விலைன்னு எந்தக் கட்டத்துல போடுவீங்க?

கம்பெனிச் சமாச்சாரம் ரெண்டு இருக்குது, வெரசாச் சொல்லிடறேன். உங்களுக்குப் பங்கு குடுத்திருக்காங்கல்ல, அது கைக்கு வர்றப்ப நீங்க எங்க இருந்தாலும், கலிபோர்னியாவுல வேலை பாத்த நாளுக்கான வரியை அந்த மாநிலம் கேக்கும். நாளைக்கு பாஸ்டன் கம்பெனிக்கு மாறுனா, அங்க போயி வேலை பாக்கற நாளுக்கு மாசசூசெட்ஸ் 5 சதம் புடிக்கும். கொரோனாவுல வீட்டுலயே உக்காந்து வேலை பாத்தவங்ககிட்டயும் புடிச்சாங்க. நியூ ஹாம்ப்ஷயர் கோவப்பட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டுது. 2021 சூன்ல, அந்த வழக்கை எடுக்கவே முடியாதுன்னு கோர்ட்டு திருப்பி அனுப்பிருச்சு.

போக வேண்டாம்னு நான் சொல்லலையே! நல்ல ஊரு, நல்ல சனம். கார் பள்ளத்துல எறங்குனா பேரு ஊரு கேக்காம இழுத்து விடுவாங்க. நீங்க போனா என்ற மகளுக்கும் தீவாளி நோம்பிக்கு ஒரு சொந்தம் கெடைக்கும்.

ஆனா ஊரைப் பாக்க அக்டோபர்ல போகாதீங்க. அப்ப மரமெல்லாம் மஞ்சளும் செவப்புமா நிக்கும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கட்டற பட்டுச் சேலை அது. ஏப்ரல்ல போங்க. பனி உருகி மண்ணு ரோடெல்லாம் சேறாகி, அச்சு வரைக்கும் வண்டி எறங்கும். அதுக்குன்னே அங்க 'சேத்துக் காலம்'னு ஒரு பருவம் வெச்சிருக்காங்க. அது காயறதுக்குள்ள மே மாசம் கருப்பு ஈ வந்துரும், கடிச்சா ரத்தம் வரும். பத்து நாள் மக வீட்டுலயே தங்குங்க. அவளோட பில்லுக் கட்டை முழுசாப் பிரிச்சுப் பாருங்க, குடுக்கச் சொல்லி நான் சொல்றேன்.

போறப்ப உங்க அத்தை இடிச்சு வெச்சிருக்கற மஞ்சத்தூளு நாலு கிலோவை அவளுக்குக் கொண்டுபோயிக் குடுத்துருங்க. பெட்டியில எடை எச்சாகுதுன்னா இந்த லேப்டாப்பை இங்கயே விட்டுட்டுப் போங்க மாப்ளே. கோழி ஏறாம நான் பாத்துக்கறேன்.