பதிவாகிப்போன லட்சணம்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அது ஓடும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நின்றுவிட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் டெர்மினலில் செய்வதையெல்லாம் பதிவு செய்ய ஆரம்பித்தேன். "நீ என்ன பண்ணித் தொலைச்ச?" என்று யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டாமா? ஆதாரம் யார்மேல் திரும்பும் என்று அப்போது யோசிக்கவில்லை.

இதற்கான 'ஸ்கிரிப்ட்' கட்டளை பழைய சரக்கு. 1979-இல் வந்த 3பிஎஸ்டி யூனிக்ஸிலேயே உண்டு. தட்டினால் புதிதாக ஒரு ஷெல் திறக்கும். அதன்பின் திரையில் வருவதெல்லாம் 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற ஃபைலில் சேரும். 'எக்ஸிட்' அடித்தால் நிற்கும். அந்த எக்ஸிட்டை நான் அடிக்கவேண்டுமே! தொடங்கும்போது வரும் ஒரு வரியைத் தவிர, பதிவு ஓடுகிறது என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் இருக்காது. ஒரு மாலை, இதுவரை என்னதான் சேர்ந்திருக்கிறது என்று ஓடும் பதிவுக்குள்ளேயே 'கேட் டைப்ஸ்கிரிப்ட்' அடித்தேன். உடனுக்குடன் ஃபைலில் எழுதும்படி வேறு 'ஸ்கிரிப்ட்'டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஃபைலில் இருந்தது திரைக்கு வந்தது. திரைக்கு வந்தது ஃபைலில் சேர்ந்தது. சேர்ந்தது மறுபடி திரைக்கு வந்தது. டிஸ்க் நிரம்பி, தோல் பதனிடும் டிரம்களுக்கான லாட் கார்டு பிரிண்ட் ஆகாமல் டிரம் ஷெட்டே என் மேசைக்கு வந்து நின்றது.

அடுத்து புது சர்வர் வந்தது. பழையதில் பிரிண்டரும் பேக்கப்பும் அமைத்ததை நேரக் குறிப்போடு பதிவு செய்து வைத்திருந்தேன். புதியதில் உட்கார்ந்து 'ஸ்கிரிப்ட்ரீப்ளே' போட்டேன். கட்டளைகள் தாமாக ஓடின, பேக்கேஜ்கள் இறங்கின, பேக்கப் முடிந்தது என்றுகூட வந்தது. நிம்மதியாகப் பிரியாணி சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் புது சர்வர் பிறந்த மேனிக்கு இருந்தது. ரீப்ளே என்பது திரையில் வந்த எழுத்தை மறுபடி காட்டும், அவ்வளவுதான்; எதையும் மறுபடி ஓட்டாது. கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். சினிமாவில் விருந்து பார்த்துவிட்டு ஏப்பம் விட்டவன் நான்.

உண்மையிலேயே மறுபடி ஓட்டுகிற 'ஸ்கிரிப்ட்லைவ்' 2020-இல் வந்தது. அதற்கு நாம் தட்டும் எழுத்துகளையும் பதிவு செய்யவேண்டும். செய்தேன். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தப் பதிவில் ஓர் எழுத்துப் பிசகாமல் விழும். நாலு பேருக்கு உதவுமே என்று அந்த ஃபைலைப் பொது ஃபோல்டரில் வைத்தேன். ரூட் பாஸ்வேர்ட், கம்பெனி பெயரும் 123-உம் என்பது லாரியில் பேல் ஏற்றும் பையன்வரை தெரிந்துபோனது. அவன் ஏற்கெனவே ஊகித்திருந்தானாம்.

அதன்பின் 'ஆஸ்கினிமா' என்ற பதிவுக் கருவிக்கு மாறினேன். வீடியோ கிடையாது, வெறும் எழுத்து. எந்த நொடியில் எது வந்தது என்று வரிவரியாகச் சேமிக்கும். புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் பாடமாக ஒன்றைப் போட்டுக் காட்டினேன்.

"சார், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'எல்எஸ்' எதுக்கு அடிக்கிறீங்க?"

"யோசிக்கிறப்ப கை சும்மா இருக்கக் கூடாதுப்பா."

சும்மா இருந்த நேரத்தைச் சுருக்கிக் காட்டும் வசதி இதில் உண்டு. போட்டுப் பார்த்தோம். ஒரு மதியம் முழுக்க நான் பார்த்த வேலை நான்கே நிமிடம். முதலாளி பார்க்கும்போது மறக்காமல் அந்த வசதியை எடுத்துவிடுகிறேன்.

என்னிடம் இத்தனை பதிவு; தோல் பதனிட எங்கள் டிரம் மேஸ்திரி பாயிடம் ஒரே ஓர் அட்டைதான். பிக்கிள் பிஎச் 2.8, குரோம் இவ்வளவு சதவீதம், இவ்வளவு மணி நேரம், முடிக்கும்போது பிஎச் 3.8. ஓரத்தில் பென்சிலில்: 'சோடா மெதுவா. ஒரேயடியா போட்டா குரோம் மேலயே புடிச்சுக்கும், உள்ள போகாது.' அவர் ஊருக்குப் போனாலும் அடுத்த லாட் ஓடும். என் பதிவுகளிலோ, கை தவறியது, அழித்தது, மறுபடி தவறியது எல்லாம் இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தேன் என்பது மட்டும் எதிலும் இல்லை.

"பாய் மாதிரி ஓரத்துல ஒரு வரி எழுதுங்க சார்" என்றான் பையன். சரியென்று இப்போதெல்லாம் கட்டளைக்கு முன் ஒரு கமென்ட் அடிக்கிறேன். போன வாரப் பதிவைத் திறந்தால் முதல் வரியே இது: 'ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை. யாரும் தொட வேண்டாம்.'